கணக்குப் புத்தகமும் கெமிஸ்றிக் கொப்பியும்

நல்லூர்க் கொடியேத்தத்துக்கு ரெண்டு நாள் முன்னம் அக்காவும் பெறாமகளும் ரொறன்ரோவில இருந்து வந்து இறங்கிச்சினம். வந்த மூண்டாம் நாள் பின்னேரம் விறாந்தையில பனங்காய்ப் பணியாரமும் தேத்தண்ணியுமா எல்லாரும் இருக்கேக்கதான் கதை வெளியில வந்தது. பெறாமகள் யூனிவேர்சிற்றியில பிஸ்னஸ் டிகிரி செய்யிறாள், முதல் வருசம் முடிஞ்சுது, ஆனால் அவளின்ர எண்ணம் டொக்டருக்குப் போறதுதான், அதுக்குத் தேவையான சயன்ஸ் பாடங்களையும் சேர்த்து எடுத்துக்கொண்டு வாறாள். அம்மா பணியாரத்தைக் கையில வச்சுக்கொண்டே கேட்டா, "அதென்ன மோனை, கொமர்ஸ் படிச்சுப்போட்டு எப்பிடி டொக்டருக்குப் போறது?"

அவள் வாயைத் திறக்க முன்னம் அக்கா சொன்னா, "அதைத்தான் நானும் ஒரு வருசமாக் கேக்கிறன் அம்மா. ஆத்தில ஒரு கால் சேத்தில ஒரு கால். கடைசியில ரெண்டும் இல்லாமல் நிக்கப் போறாள்."

பிள்ளை ஒண்டும் சொல்லேல்லை. என்ரை முகத்தைப் பாத்தாள். அந்தப் பார்வை எனக்கு விளங்கினது, ஏனெண்டால் அதே விறாந்தையில, அதே கதிரையில, நான் பயோவை விட்டுப்போட்டு எக்கவுண்ட்ஸ் வேலைக்குப் போகப்போறன் எண்டு சொன்ன அண்டைக்கு நானும் உப்பிடித்தான் ஆரையோ பாத்துக்கொண்டிருந்தனான். அவள் போற பாதையும் நான் வந்த பாதையும் ஒண்டுக்கொண்டு எதிர்ப்பக்கம். நான் பயோவில இருந்து கணக்குக்கு வந்தனான், அவள் கணக்கில இருந்து பயோவுக்குப் போறாள். அதாலதான் இதை எழுதிறன், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கோ.

முதல்ல என்ரை கதை. நான் ஏஎல், அதாவது கம்பஸ் போறதுக்கு எழுதிற உயர்தரச் சோதினை, பயோப் பிரிவில மூண்டு தரம் எடுத்தனான், 2010, 2011, 2012. மூண்டுக்கு மேல எழுதிக் கம்பஸ் போகேலாது எண்டது எல்லாருக்கும் தெரியும். ரெண்டாந்தரம் எழுதின 2011 ஆம் ஆண்டு பழைய பாடத்திட்டக்காரரும் புதுப் பாடத்திட்டக்காரரும் ஒரே நேரத்தில எழுதினவை, ரெண்டு பகுதியின்ர மார்க்ஸையும் ஒண்டாச் சேத்து இசட் ஸ்கோர், அதாவது கம்பஸுக்கு ஆக்களை எடுக்கப் பாக்கிற புள்ளி, கணிச்சது பிழை எண்டு வழக்குப் போய், 2012 இல உயர் நீதிமன்றம் அந்த இசட் ஸ்கோரை ரத்துச் செய்து திருப்பிக் கணிக்கச் சொன்னது. அந்த மாசங்கள் எப்பிடிப் போனது எண்டு அந்த வருசம் எழுதின ஆரையும் கேட்டுப் பாருங்கோ. றிசல்ட் வந்துட்டுது, ஆனால் வரேல்லை. அடுத்த சோதினைக்குப் படிக்கிறதா, இல்லாட்டிப் பழைய றிசல்ட்டுக்குக் காத்திருக்கிறதா, காலமை ரியூசன், பின்னேரம் பேப்பர் கிளாஸ், இரவில பேப்பரில வழக்குச் செய்தி. திருப்பிக் கணிச்சும் எனக்கு மெடிசின் வரேல்லை. மூண்டாந்தரமும் யாழ் மாவட்டத்து வெட்டுப்புள்ளிக்குக் கீழதான் நிண்டுது. கொப்பியள் முழுக்க, பயோ, பிசிக்ஸ், கெமிஸ்றி, எல்லாத்தையும் சணல் கயிறால கட்டி அலுமாரிக்கு மேல போட்டுட்டன். அதைப் பிறகு அவிழ்க்கவே இல்லை, இந்த ஆவணி வரைக்கும்.

அதுக்குப் பிறகு ஒரு பிரைவேட் ஆசுபத்திரியில எக்கவுண்ட்ஸ் பகுதியில கிளார்க்கா வேலை. ஆரம்பத்தில டெபிற் எது கிரெடிற் எது எண்டே தெரியாது. வேலை செய்துகொண்டு ஏஏரி எண்ட கணக்கியல் கோர்ஸ் செய்தன், பிறகு கொக்குவிலில இருக்கிற திறந்த பல்கலைக்கழக நிலையத்தில மனேஜ்மென்ற் டிகிரி, சனி ஞாயிறு முழுக்க வகுப்பு. இப்ப நான் அங்க ஸ்ரோர்ஸையும் கொள்முதலையும் பாக்கிறன், மருந்து, சேலைன், ஊசி, கையுறை, எல்லாம் என்ரை கணக்குக்குள்ளாலதான் வார்ட்டுக்குப் போகும்.

ஊருக்கு அது ஒரு வரிதான், "பயோ சரிவரேல்லை, அதால கொமர்ஸ் பக்கம் போட்டாள்." கலியாண வீட்டில, செத்த வீட்டில, கோயில் வீதியில, எத்தினை தரம் இந்த வசனத்தைக் கேட்டிருப்பன் எண்டு எண்ணேலாது. பயோ, மற்ஸ், அதுக்குக் கீழ கொமர்ஸ், அதுக்கும் கீழ ஆர்ட்ஸ் எண்டு எங்கட சனம் ஒரு ஏணி வச்சிருக்கு, அந்த ஏணியில ஒரு படி இறங்கினால் அது தோல்வி. எனக்கும் கனகாலம் அப்பிடித்தான் மனசுக்குள்ள இருந்தது. 2022 இலதான் அது மாறினது, அதைப் பிறகு சொல்லுறன்.

இப்ப பிள்ளையின்ர கதைக்கு வாறன். இஞ்ச உள்ள ஆக்களுக்கு அந்தப் பக்கத்து முறை விளங்கிறது கஷ்டம் எண்டதால கொஞ்சம் விரிவாச் சொல்ல வேணும். எங்கட நாட்டில மெடிசின் எண்டது பள்ளிக்கூடம் முடிஞ்ச கையோட போற படிப்பு. ஓஎல் எண்ட சாதாரணதரச் சோதினை முடிய, 16 வயசில, ஸ்ற்றீம், அதாவது பாடப் பிரிவு, எடுக்க வேணும், பயோலொஜி, கெமிஸ்றி, பிசிக்ஸ் எடுத்தவைக்குத்தான் அந்தக் கதவு. எக்கவுண்டிங், பிஸ்னஸ் ஸ்ரடீஸ், எகொனொமிக்ஸ் எடுத்த பிள்ளை மூண்டு ஏ எடுத்தாலும் மெடிக்கல் பகல்ற்றிக்கு அப்ளை பண்ணேலாது. இடம் பிரிக்கிறதில 40 வீதம் நாடு முழுக்க உள்ள திறமைப்படி, 55 வீதம் மாவட்டங்களுக்குச் சனத்தொகைப்படி, 5 வீதம் பின்தங்கின மாவட்டங்களுக்கு. ஆகவே இஞ்ச இருந்து வாசிக்கிற தம்பி தங்கச்சியள் இதைப் பாத்திட்டு கொமர்ஸ் எடுத்துக்கொண்டு பிறகு டொக்டராகலாம் எண்டு நினைக்க வேண்டாம், இஞ்ச அது நடக்காது, தெளிவாச் சொல்லிப்போடுறன்.

அமெரிக்காவிலயும் கனடாவிலயும் மெடிசின் பெரும்பாலும் ரெண்டாவது படிப்பு. முதல்ல ஒரு டிகிரி செய்ய வேணும், அதுக்குப் பிறகுதான் மெடிக்கல் ஸ்கூல். அந்த முதல் டிகிரி எதில எண்டு கட்டாயம் இல்லை. பயோலொஜி செய்தவைதான் கூட அப்ளை பண்ணுறவை, அமெரிக்காவில அரைவாசிக்கு மேல அவைதான், ஆனால் இலக்கியம் படிச்சவரும் போறார், மியூசிக் படிச்சவரும் போறார், பிஸ்னஸ் படிச்சவரும் போறார். "பிரீ-மெட்" எண்டு சொல்லுறது ஒரு டிகிரியின்ர பேர் இல்லை எண்டது அக்காவுக்கே அண்டைக்குத்தான் தெரிய வந்தது. அது ஒரு ஆயத்தம், அவ்வளவுதான், என்ன டிகிரி செய்தாலும் பக்கத்தில குறிப்பிட்ட பாடங்களை முடிச்சிருக்க வேணும்.

அந்தப் பாடங்கள் என்னெண்டால், அமெரிக்கப் பள்ளிகளில பொதுவாக் கேக்கிறது பயோலொஜி ஒரு வருசம், பொதுக் கெமிஸ்றி ஒரு வருசம், ஓகானிக் கெமிஸ்றி, பிசிக்ஸ் ஒரு வருசம், எல்லாம் லாப்போட, அதுக்கு மேல பயோகெமிஸ்றி, இங்கிலீஸ், கனபேர் ஸ்ரற்றிஸ்றிக்ஸும் கேப்பினம். பிறகு எம்கற் (MCAT) எண்ட மெடிக்கல் ஸ்கூல் நுழைவுச் சோதினை. அது நாலு பகுதி, மொத்தம் 230 கேள்வி, காலமை போனால் ஏழரை மணித்தியாலம் அங்கதான். மார்க்ஸ் 472 இல தொடங்கி 528 இல முடியும். 2015 இல அதை மாத்தினாப் பிறகு சைக்கொலொஜி, சோசியொலொஜி எண்டு ஒரு முழுப் பகுதியே சேத்திருக்கினம்.

கனடாவில ஒவ்வொரு பள்ளியும் ஒவ்வொரு விதம். ஹமில்டனில இருக்கிற மக்மாஸ்ரரில இன்ன சயன்ஸ் பாடம் முடிச்சிருக்க வேணும் எண்ட கட்டாயமே இல்லை, எம்கற்றிலயும் வாசிச்சு விளங்கிற ஒரு பகுதியை மட்டும்தான் பாக்கினம், 90 நிமிசத்தில 53 கேள்வி. பிரம்ரனில 2025 இல புதுசாத் தொடங்கின ரொறன்ரோ மெற்றோபொலிற்றன் யூனிவேர்சிற்றியின்ர மெடிக்கல் ஸ்கூல் எம்கற்றே கேக்கேல்லை. இதை எல்லாம் பிள்ளை போனில எடுத்துக் காட்டக் காட்ட அக்காவின்ர முகம் கொஞ்சம் கொஞ்சமா மாறினதை நான் பாத்தனான். ஒரு விசயம் மட்டும் சொல்ல வேணும், கனடாப் பள்ளியளில இடங்கள் பெரும்பாலும் அந்த நாட்டுப் பிரஜையளுக்கும் நிரந்தர வதிவிடம் உள்ளவைக்கும்தான், அதால இஞ்ச இருந்து நேர அங்க போய் இந்த வழியால டொக்டராகலாம் எண்டு ஆரும் ஏஜென்ற் சொன்னால் காசைக் குடுக்க முன்னம் ரெண்டு தரம் யோசியுங்கோ.

சரி, போகலாம் எண்டது ஒண்டு, லேசு எண்டது வேற. அடுத்த நாள் இரவு நானும் அவளும் சாப்பாட்டு மேசையில ஒரு பெரிய பேப்பரை விரிச்சு நாலு வருசத்துக்குமான ரைம் ரேபிள் போட்டுப் பாத்தம். அப்பதான் எனக்கே இதின்ர கஷ்டம் முழுசா விளங்கினது. பிஸ்னஸ் டிகிரியில எக்கவுண்டிங், பினான்ஸ், மார்க்கெற்றிங், ஒப்பரேசன்ஸ், கொம்பனிச் சட்டம் எண்டு கட்டாயப் பாடமே நிறைஞ்சு போய்க் கிடக்கு, விருப்பத்துக்கு எடுக்கிற இடம் ஒரு வருசத்துக்கு ஒண்டோ ரெண்டோ. பயோலொஜி படிக்கிற பிள்ளைக்கு இந்த சயன்ஸ் பாடங்கள் எல்லாம் டிகிரிக்குள்ளயே வந்திடும், ஆனால் இவளுக்கு ஒவ்வொண்டும் அந்தச் சின்ன இடத்துக்குள்ள திணிக்க வேண்டிக் கிடக்கு. ரெண்டுக்கும் பொதுவா வாறது ஸ்ரற்றிஸ்றிக்ஸ் ஒண்டு, அதை விட்டால் சைக்கொலொஜியில கொஞ்சம்.

அதைவிடப் பெரிய விசயம் வரிசை. பொதுக் கெமிஸ்றி முடிக்காமல் ஓகானிக் எடுக்கேலாது, ஓகானிக் இல்லாமல் பயோகெமிஸ்றி இல்லை, அவளின்ர இடத்தில இந்தத் தொடர் பாடங்கள் புரட்டாதியிலதான் தொடங்கிறது. ஒண்டைத் தவற விட்டால் ஒரு முழு வருசம் போச்சு. லாப் எல்லாம் பின்னேரம் மூண்டு மணித்தியாலம், அதே பின்னேரத்திலதான் பிஸ்னஸ் குறூப் புறொஜெக்ற்காரர் கூடுவினம். அதோட இவளின்ர டிகிரியில ரெண்டு தவணை கொம்பனியில போய் வேலை செய்யிற கோ-ஒப் எண்டும் இருக்கு, அது சரியா ஓகானிக் ரெண்டாம் பகுதி வாற நேரம். அந்த இடத்தை நாங்கள் சிவப்புப் பேனையால வட்டம் போட்டு வச்சிட்டு ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தம். கடைசியில கோ-ஒப்பைக் கோடை காலத்துக்குத் தள்ளுறது, எம்கற்றை மூண்டாம் வருசம் முடிஞ்ச கோடையில எழுதிறது எண்டு ஒரு மாதிரிப் பொருத்தினம். அஞ்சாவது வருசம் ஒண்டு கூடப் போனாலும் பரவாயில்லை எண்டு நான் சொன்னன். அதைக் கேட்டு அவளுக்கு வந்த ஆறுதல்! ஒரு வருசம் பிந்தினால் உலகம் இருண்டு போகும் எண்டு நினைச்சுக்கொண்டு இருந்திருக்கிறாள், மூண்டு தரம் ஏஎல் எழுதின ஆள் அவளுக்கு முன்னால இருந்துகொண்டு சொல்ல வேண்டியதா இருந்தது.

இன்னொரு பயம் மார்க்ஸ். மெடிக்கல் ஸ்கூலுக்கு முழு டிகிரியின்ர மார்க்ஸும் கணக்கில வரும். அமெரிக்காவில பயோலொஜி, கெமிஸ்றி, பிசிக்ஸ், மற்ஸ் நாலையும் தனியாச் சேத்து ஒரு சராசரியும் பாப்பினம். பிஸ்னஸ் பாடங்கள் சிலதில வகுப்புச் சராசரி இவ்வளவுக்கு மேல போகக்கூடாது எண்டு அவையள் வச்சிருக்கினமாம், அதோட குறூப்பில ஒருத்தன் வேலை செய்யாட்டி எல்லாற்றை மார்க்ஸும் குறையும். நான் சொன்னன், நீ உன்ரை வகுப்பில ஆரோட குறூப் போடுறாய் எண்டதைக் கெமிஸ்றிப் பாடத்தைவிடக் கவனமாத் தெரிவு செய் எண்டு. மெய்யாத்தான் சொன்னனான். ஸ்ரோர்ஸில நான் கண்ட பாதிப் பிரச்சினை மருந்தால வந்தது இல்லை, ஆக்களால வந்தது.

இவ்வளவும் பாத்தாப் பிறகு அக்கா கேட்டா, "இவ்வளவு கஷ்டப்பட்டு ஏன் பிஸ்னஸ்? சும்மா பயோலொஜியைச் செய்திட்டுப் போகலாமே?" நியாயமான கேள்வி. பிள்ளை சொன்ன முதல் மறுமொழி எனக்குப் பிடிக்கேல்லை. "மெடிசின் கிடைக்காட்டியும் கையில ஒரு டிகிரி இருக்கும் எல்லே" எண்டாள்.

இந்த இடத்திலதான் எனக்குச் சொல்ல விசயம் இருந்தது. விழுந்தால் தாங்கிறதுக்கு எண்டு மட்டும் ஒரு படிப்பை வச்சிருந்தால் அந்தப் படிப்பை நீ மதிக்க மாட்டாய், மதிக்காத பாடத்தில நல்ல மார்க்ஸ் வராது, வராட்டி மெடிசினும் போகும். அதை நான் என்ரை முதல் மூண்டு வருசத்தில கண்டனான். எக்கவுண்ட்ஸை நான் தண்டனை மாதிரித்தான் செய்தனான். லெட்ஜரைத் துறந்தால் இது நான் இருக்க வேண்டிய இடம் இல்லை எண்டு மனம் சொல்லும். அப்பிடி வேலை செய்த காலத்தில நான் விட்ட பிழையள் இப்ப நினைச்சாலும் நெஞ்சு பதறும்.

நான் அவளை அடுத்த கிழமை என்னோட வேலைக்குக் கூட்டிக்கொண்டு போனன், அனுமதி எடுத்துத்தான், வார்ட்டுக்கு இல்லை, ஸ்ரோர்ஸுக்கு. பின் கார்ட் எண்டால் என்ன எண்டு காட்டினன். ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு அட்டை, வந்தது எவ்வளவு, போனது எவ்வளவு, மிச்சம் எவ்வளவு, எக்ஸ்பயரி எப்ப. எது முதல்ல காலாவதியாகுமோ அது முன்னால, பிந்தி ஆகிறது பின்னால. பிறகு அவளின்ர சொந்தப் பாடப்புத்தகத்தில இருக்கிற அதே கணக்கை அவளைக் கொண்டே செய்விச்சன். ஒரு நாளைக்கு 12 இன்சுலின் போகுது, ஓடர் குடுத்தால் கொழும்பில இருந்து வர 10 நாள், அப்ப 120, அதுக்கு மேல அஞ்சு நாளைக்கு ஒரு கைகாவல் 60, ஆகவே 180 க்கு வந்த உடன ஓடர் போக வேணும். அவள் ஒப்பரேசன்ஸ் பாடத்தில இதைச் சப்பாத்துக் கடைக்குச் செய்தவளாம். பிறிட்ஜைத் துறந்து 2 பாகைக்கும் 8 பாகைக்கும் நடுவில முள்ளு நிக்கிறதைக் காட்டேக்க அவள் ஒண்டும் கதைக்கேல்லை, நிண்டு பாத்துக்கொண்டிருந்தாள்.

பிறகுதான் 2022 ஐச் சொன்னன்.

அந்த வருசம் பங்குனியில டொலருக்கு 200 ரூபா சொச்சமா நிண்டது ரெண்டு மூண்டு மாசத்தில 360 ஐத் தொட்டது. சித்திரையில நாடு வெளிநாட்டுக் கடன் கட்டேலாது எண்டு அறிவிச்சது. பங்குனிக் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. ஜெனரேற்றருக்கு டீசல் இல்லை, டீசலுக்கு வரிசை. மருந்து விலை பங்குனியில 29 வீதம் கூடி, சித்திரைக் கடைசியில திரும்ப 40 வீதம் கூடினது. நான் 180 எண்டு சொன்ன கணக்கு எல்லாம் அண்டைக்குச் செல்லாது, ஏனெண்டால் 10 நாளில வாற சாமான் 40 நாளாகியும் வரேல்லை, வருமோ எண்டும் சொல்லுவார் இல்லை. ஒவ்வொரு இரவும் நான் இருந்து, இருக்கிறது எத்தினை நாளுக்குக் காணும் எண்டு மருந்து மருந்தா எழுதுவன். இன்சுலின் பிறிட்ஜுக்கு ஐஸ் பெட்டி தயார் பண்ணி வச்சிட்டு வீட்டை போவன்.

அப்ப அங்க வந்து போற ரெண்டு டொக்டர்மார். ரெண்டு பேரும் கெட்டிக்காரர், ரெண்டு பேரும் நோயாளியளில அன்பு உள்ளவை. ஒருத்தர் மருந்து தட்டுப்பாடு எண்டு கேள்விப்பட்ட உடன தன்ரை ஆக்களுக்கு மூண்டு மாசத்துக்கு எழுதத் தொடங்கினார், பாவம், நல்ல எண்ணத்திலதான். ஒரே கிழமையில அந்த மருந்து அரைவாசியாக் குறைஞ்சிட்டுது, பிறகு வந்த ஆக்களுக்கு இல்லை. மற்றவர் பின்னேரம் ஸ்ரோர்ஸுக்கே இறங்கி வந்து என்னட்டைக் கேட்டார், "தங்கச்சி, இருக்கிறது எத்தினை பேருக்கு எத்தினை நாள் வரும்?" நான் தாளைக் காட்டினன். அவர் அதைப் பாத்திட்டு, எல்லாருக்கும் ரெண்டு கிழமைக்கு மட்டும் எழுதிறது, மாத்தி எழுதக்கூடிய ஆக்களுக்கு வேற மருந்துக்கு மாத்திறது எண்டு அங்க நிண்டே முடிவெடுத்தார். அந்தத் தாளை ஒரு கொப்பியும் எடுத்துக்கொண்டு போனார்.

அண்டைக்கு இரவு வீட்டை சைக்கிளில வரேக்க, தெருவில வெளிச்சம் இல்லை, எனக்கு முதன்முதலா நான் தோத்துப்போய் இந்த இடத்துக்கு வரேல்லை எண்டு பட்டது. அந்த மருந்து பங்கிட்டதில அந்த டொக்டருக்கு எவ்வளவு பங்கோ அவ்வளவு என்ரை தாளுக்கும் இருந்தது.

இதைச் சொல்லி முடிய நான் பிள்ளைக்குச் சொன்னன், நீ இந்த ரெண்டு டொக்டரில ரெண்டாவது ஆளா வர வேணும் எண்டால் பிஸ்னஸ் படி. கிடைக்காட்டி எண்டதுக்காகப் படிக்காதை. உனக்குக் கீழ நிண்டு ஒருத்தி கணக்கெழுதிக்கொண்டிருப்பாள், அவளின்ர தாளை வாசிக்கத் தெரிய வேணும். பில் கட்டிற இடத்தில நிண்டு தாலிக்கொடியை அடைவு வைக்கலாமோ எண்டு புருசனோட மெல்லமாக் கதைக்கிற மனிசியின்ர முகத்தை நீ ஒப்பரேசன் எழுத முன்னம் நினைக்க வேணும். இது ரெண்டும் பயோலொஜிப் புத்தகத்தில இல்லை.

எங்கட நாட்டிலயும் இந்தச் சேர்க்கை இல்லாமல் இல்லை, மற்றப் பக்கத்தால வாறது. எம்பிபிஎஸ் முடிச்ச டொக்டர்மார் கொழும்பில இருக்கிற பட்டப்பின் மருத்துவ நிறுவனத்தில மெடிக்கல் அட்மினிஸ்ற்றேசன் எண்டு எம்எஸ்சி செய்யினம், பிறகு எம்டி எண்ட மேற்பட்டமும் இருக்கு, அதைச் செய்தவைதான் பெரிய ஆசுபத்திரியளுக்குப் பணிப்பாளரா வாறவை. அமெரிக்காவில டொக்டராகிற டிகிரியான எம்டியும் எம்பிஏயும் சேத்து அஞ்சு வருசத்தில முடிக்கிற கோர்ஸே கன யூனிவேர்சிற்றியளில இருக்கு. ஆகவே மருத்துவத்துக்கும் கணக்குக்கும் சம்பந்தம் இருக்கெண்டு எல்லா நாடும் கண்டுதான் இருக்கு, எங்கட விறாந்தைக்குத்தான் இன்னும் வந்து சேரேல்லை. பிஸ்னஸ் முதல்ல, மெடிசின் பிறகு எண்டு இவள் போற வரிசைதான் கஷ்டமானது, ஆனால் கணக்கை இருவது வயசில படிச்சவளுக்கு அது கையில ஊறிப்போயிருக்கும், நாப்பத்தஞ்சு வயசில படிக்கிறவருக்கு அப்பிடி இருக்குமோ எண்டு எனக்குச் சந்தேகம்.

ஒரு நாள் அவளை மானிப்பாய்க்குக் கூட்டிக்கொண்டு போனன், கிறீன் ஞாபகார்த்த ஆசுபத்திரியைக் காட்ட. சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847 இல அமெரிக்காவில இருந்து வந்த மிசன் டொக்டர், இஞ்சத்தைப் பெடியளுக்கு மேலைத்தேய மருத்துவம் படிப்பிச்சவர், பிறகு அதைத் தமிழிலயே படிப்பிச்சவர், அதுக்கெண்டு மருத்துவப் புத்தகங்களைத் தமிழில ஆக்கினவர். கெமிஸ்றிப் புத்தகத்துக்கு அவை வச்ச பேர் "கெமிஸ்தம்", 1875 இல வந்தது. அந்தச் சொல்லைக் கேட்டதும் பெறாமகளுக்குச் சந்தோசம் தாங்கேல்லை, பஸ்ஸில திரும்பி வரும் மட்டும் கெமிஸ்தம், கெமிஸ்தம் எண்டு சொல்லிக்கொண்டு வந்தாள். எனக்கோ, அமெரிக்காவில இருந்து ஒருத்தர் இஞ்ச வந்து தமிழில மருத்துவம் சொல்லிக் குடுத்த ஊரில, இண்டைக்கு எங்கட பிள்ளை அமெரிக்காக்காரர் கேக்கிற பாடத்துக்கு ஆயத்தம் பண்ணுறாள் எண்டது மனசில கிடந்து சுத்தினது.

அண்டைக்கு இரவுதான் அலுமாரிக்கு மேல ஏறினன். தூசி, கறையான் ஒரு பக்கம் அரிச்சிருந்தது, ஆனால் கெமிஸ்றிக் கொப்பி தப்பியிருந்தது. சணல் கயிறு கையோட வந்திட்டுது. "சேதன இரசாயனம்" எண்டு முதல் பக்கத்தில சிவப்பு மையால எழுதி ரெண்டு கோடு அடிச்சிருக்கிறன். அவள் எழுத்துக் கூட்டி வாசிச்சாள், சே-த-ன. "சித்தி, இதென்ன?" "அதுதான் உங்கட ஓகானிக் கெமிஸ்றி." அவளால நம்பேலாமல் போச்சு. அதே பென்சீன் வளையம், அதே வளைஞ்ச அம்புக்குறியள், இலத்திரன் எங்கயிருந்து எங்க போகுது எண்டு, எல்லாம் தமிழில. இவள் பயந்துகொண்டிருக்கிற பாடத்தை நான் ஏஎல் காலத்தில மூண்டு தரம் படிச்சிருக்கிறன். ஆளுக்கு ஒரு தாள் எடுத்து மேசையில இருந்து போட்டுப் பாத்தம். எனக்கு மறந்து போச்செண்டு நினைச்சன், மறக்கேல்லை. அல்கீனுக்கு ஐதரசன் புரோமைட் சேருறதை நான் போட்டன், ஐதரசன் எந்தக் காபனுக்குப் போகும் எண்டு அவள் சொன்னாள், சரியாச் சொன்னாள். அம்மா உள்ள இருந்து வந்து பாத்திட்டு, இன்னும் படுக்கேல்லையோ எண்டு கேட்டிட்டு, லைற்றை நிப்பாட்டாமல் திரும்பிப் போனா.

தேர் முடிஞ்ச ரெண்டாம் நாள் அவையள் பிளேன் ஏறிச்சினம். கொப்பியை அவள் கைப்பைக்குள்ள வச்சுக்கொண்டு போயிட்டாள், சூட்கேசில போட மாட்டன் எண்டு நிண்டாள். அக்கா எயார்போட்டில வச்சு என்ரை காதுக்குள்ள, "அஞ்சு வருசம் எடுத்தாலும் எடுக்கட்டும்" எண்டு சொன்னா.

இப்ப ஞாயிறு இரவில, இஞ்ச எட்டரை, அங்க காலமை பதினொண்டு, வாட்சப்பில வீடியோ போட்டுக்கொண்டு இருக்கிறம். முதல் அரை மணித்தியாலம் ஓகானிக், நான் சொல்லுவன். அடுத்த அரை மணித்தியாலம் எனக்கு. ஸ்ரோர்ஸ் கணக்கு முழுக்க இன்னும் அட்டையிலயும் லெட்ஜரிலயும்தான் கிடக்கு, அதை எக்செலில மாத்தி, எக்ஸ்பயரிக்கு மூண்டு மாசம் இருக்கேக்கயே தானா நிறம் மாறிற மாதிரிச் செய்ய அவள் சொல்லித் தாறாள். போன கிழமை இன்சுலின் வரி முதன்முதலா மஞ்சளா மாறினது. அவளுக்கு ஸ்கிறீன்சொட் அனுப்பினன். அவள் மறுமொழிக்கு லாப்பில இருந்து ஒரு படம் அனுப்பினாள், கண்ணாடி போட்டுக்கொண்டு, கையில குடுவை, பின்னால மேசையில என்ரை கொப்பி விரிச்சபடி.